பெயிலியர் மேடு

பத்மராஜ் நயினாருக்கு எதையும் சுருக்கமாகச் சொல்ல வராது. மழை வருகிறது என்று சொல்ல வேண்டுமென்றால் போன வருஷத்து ஐப்பசியில் ஆரம்பிப்பார். ஏரி நிரம்பியதைச் சொல்லி, மதகு உடைந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்டுக்கொண்டிருப்பவன் தொப்பலாக நனைந்திருப்பான். ஆனால் கோபம் வந்துவிட்டால் கதை வேறு. ஒரே ஒரு வரி. அத்தோடு வாயை மூடிக்கொண்டால் வருஷக்கணக்கில் திறக்கமாட்டார். திருப்பருத்திக்குன்றத்தில் இது எல்லோருக்கும் தெரியும்.

அப்படி ஒரு வரியைப் பெற்ற மகளிடமே சொல்லித் தொலைத்தார் மனுஷன்.

சாந்திமதியின் கல்யாணத்தன்று நடந்தது அது. ஜைனர்களில் பட்டு உடுத்தாதவர்கள் கொஞ்சம் பேர்தான். பத்மராஜ் அந்தக் கொஞ்சத்தில் ஒருவர். ஒரு புடவைக்கு எத்தனை ஆயிரம் புழுவைக் கொதிக்கிற தண்ணீரில் போடுகிறார்கள் என்று எப்போதோ கேள்விப்பட்டதிலிருந்து பட்டைக் கையால் தொடுவதில்லை என்று விரதம் எடுத்திருந்தார். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இப்படி ஒரு விரதம்! பிள்ளையார்பாளையத்துத் தெருவில் பட்டு நூலைப் பாவாக நீட்டியிருந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி, மேலே பட்டுவிடாமல் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு போவார். நெசவுக்காரர்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.

மாப்பிள்ளை பாலசந்திரன் வந்தவாசிப் பக்கத்து ஜைனக் குடும்பம். அவர்கள் அரக்குப் பட்டில் கூறைப்புடவை எடுத்து வந்தார்கள். இவர் நூல் புடவைதான் என்று நின்றார். "காஞ்சிபுரத்துல பொண்ணு எடுத்து நூல் பொடவையா?" என்று மாப்பிள்ளையின் அத்தை சபையிலேயே சிரித்தாள். சாந்திமதி அப்பாவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள், பட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உடுத்திக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தாள். தாலி ஏறியது. மறுநாள் அவள் வண்டி ஏறும்போது பத்மராஜ் சொன்னார்:

"இந்தப் பொடவையோட போறவ, இனிமே இந்த வாசப்படி ஏறத் தேவையில்ல."

அவளும் அவருடைய மகள்தானே. ஏறவில்லை. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

எழுபத்திரண்டாம் வருஷம் மார்கழியில், தயாவதியின் தம்பி தேவகுமார் வந்தான். தயாவதிதான் பத்மராஜின் மனைவி. கிணற்றடியில் வழுக்கி விழுந்து, காலுக்குப் புத்தூர்க் கட்டு போட்டுக்கொண்டு ஒரு மாதமாகப் படுக்கையில் கிடந்தாள். தேவகுமார் அக்காளிடம் பேசுவதுபோல மாமனுக்குக் கேட்கும்படி சொன்னான்.

"பாலசந்திரனுக்கு பம்பாய்ல மில்லு வேலை கெடைச்சிருக்குது. வர்ற வெள்ளிக்கெழம பொறப்படறாங்க. செங்கல்பட்டுல அரக்கோணம் பாசஞ்சர் ஏறி, அரக்கோணத்துல பம்பாய் வண்டி புடிக்கணும். நம்ம ஊரு வழியாத்தான் போவுது. சாந்திக்கு ஏழாம் மாசம்."

தயாவதி எழுந்து உட்காரப் பார்த்தாள். கால் விடவில்லை. "ஏழாம் மாசத்துல பம்பாய்க்கா? தலைப்பிரசவம்டா! அம்மா ஊட்டுல நடக்க வேணாமா?"

"எந்த ஊட்டுல, அக்கா?" என்றான் தேவகுமார்.

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் முற்றத்தில் காயவைத்த மல்லாக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தார். கிளறின கை நின்றுவிட்டது.

"ஸ்டேஷனுக்கு அப்பா வருவாரான்னு கேட்டுச்சு. அவ்ளோதான் சொல்லச் சொன்னுச்சு," என்று சொல்லிவிட்டு தேவகுமார் போய்விட்டான்.

அன்று பத்மராஜ் சாப்பிடவில்லை. பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவது அவர்கள் வழக்கத்தில் இல்லை, வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிடச் சொல்லி தயாவதி மூன்று தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியில் அவளிடம் வந்தார்.

"கூட்டிக்கினு வந்துடறேன்," என்றார். "எறக்கிக் கூட்டிக்கினு வந்துடறேன். பிரசவம் இங்கதான்."

தயாவதிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு வருஷத்து அழுகை.

ஆனால் எப்படிக் கூட்டிவருவது என்பதில்தான் வந்தது வினை.

அந்தப் பாசஞ்சருக்கு ஆறு மாதம் முன்னால் டீசல் எஞ்சின் போட்டிருந்தார்கள். புத்தம் புதுசு. வந்த அன்று ஸ்டேஷனில் மாலை போட்டு, சந்தனம் தெளித்து, பூசணிக்காய் உடைத்துத் தடபுடல்தான். கரி இல்லை, புகை இல்லை, வேட்டியில் பொறி விழாது என்றார்கள். எல்லாம் சரி, வண்டி போக வேண்டாமா? வாலாஜாபாத்தைத் தாண்டி நத்தப்பேட்டைக்கு முன்னால் வயல்வெளியில் ஒரு மேடு வரும். மேடு என்றால் பெரிய மலை ஒன்றுமில்லை, சைக்கிளில் ஒரு அழுத்து அழுத்தினால் ஏறிவிடலாம். கரி எஞ்சின் நாற்பது வருஷம் அதில் மூச்சு வாங்காமல் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. இந்தப் புது மாப்பிள்ளைக்கு மட்டும் அங்கே வந்ததும் உடம்பு கொதித்துவிடும். எருமை கத்துவதுபோல ஒரு சத்தம், அப்புறம் கப்சிப். டிரைவர் இறங்கி வந்து, "எஞ்சின் பெயிலியர்" என்பார். பழைய கரி எஞ்சின் ஒன்று வந்து இழுத்துப் போக இரண்டு மணி நேரம், இரண்டரை மணி நேரம் ஆகும்.

ஒருநாள் இரண்டுநாள் இல்லை, வாரத்தில் ஐந்து நாள் இதே கூத்து. அந்த இடத்துக்குப் பெயிலியர் மேடு என்றே பேர் வந்துவிட்டது. சுண்டல்காரன் காஞ்சிபுரம் ஸ்டேஷனை விட்டுவிட்டு அங்கே கடை போட்டான். பக்கத்து நிலத்துக்காரன் கலியன் தன் பம்புசெட்டை ஓடவிட்டுப் பிரயாணிகளுக்குத் தண்ணீர் கொடுத்தான். ஐந்து மணிக்கு வரவேண்டிய வண்டி ஏழுக்கு வந்தால், "இன்னிக்கு சீக்கிரம் வந்துடுச்சே" என்பார்கள் ஊரில்.

பத்மராஜ் கணக்குப் போட்டார். ஸ்டேஷனில் வண்டி நிற்பது மூன்று நிமிஷம். இரண்டு வருஷத்துப் பிணக்கை மூன்று நிமிஷத்தில் எப்படிப் பேசித் தீர்ப்பது? அதுவும் அவர்! தொண்டையைக் கனைத்து முடிப்பதற்குள் கொடி காட்டிவிடுவார்கள். மேட்டில் என்றால் முழுசாக இரண்டு மணி நேரம். மாப்பிள்ளையிடமும் பக்குவமாகப் பேசலாம். இன்னொன்றும் இருந்தது. மார்கழிப் பொழுது ஆறு மணிக்கு முன்னால் சாய்ந்துவிடும். வண்டி ஏழுக்கோ ஏழரைக்கோ ஸ்டேஷன் வந்தால் அப்புறம் அவள் ஒரு வாய் சாப்பிடமாட்டாள். பிள்ளைத்தாய்ச்சி. வயிற்றுப் பிள்ளையோடு பட்டினி.

"நான் மேட்டுக்கே போயிடறேன். கையோட சோறு எடுத்துக்கினு போயி, வெளிச்சத்துலயே சாப்புட வெச்சி, பேசி, சைக்கிள்ல வேணாம், கலியன் வண்டி கட்டுவான், அதுலயே கூட்டியாந்துடறேன்," என்றார்.

"ஸ்டேஷனுக்குப் போங்க," என்றாள் தயாவதி. "அது ஸ்டேஷனுக்குத்தானே வரச் சொல்லிச்சு."

"மூணு நிமிஷத்துல இன்னாடி பேச முடியும்?"

"வான்னு சொல்ல மூணு நிமிஷம் எதுக்கு?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அது மனசுல எவ்ளோ இருக்குதோ. எல்லாத்தையும் ஆதியோட அந்தமா சொல்லணும்."

தயாவதிக்குக் கால் நன்றாக இருந்திருந்தால் அவளே ஸ்டேஷனுக்குப் போயிருப்பாள். இல்லையே.

வியாழக்கிழமை பத்மராஜ் பிள்ளையார்பாளையம் போனார். நெசவுக்கார அர்ஜுனன் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு, நிலத்து விளைச்சலில் ஆரம்பித்து, மழையைத் தொட்டு, கால்மணி நேரம் கழித்து விஷயத்துக்கு வந்தார். அரக்கு நிறத்தில் ஒரு பட்டுப்புடவை வேண்டும்.

அர்ஜுனன் தறிக்குழியிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். "யாருக்கு, நயினாரே? நீயா கேக்கறே? சூரியன் இன்னிக்கு எந்தப் பக்கம் மொளைச்சான்?"

"எம் பொண்ணுக்கு," என்றார் பத்மராஜ்.

அர்ஜுனன் சிரிப்பை விட்டுவிட்டான். நல்ல புடவையாக, உடம்பெல்லாம் அரக்கும் கரையில் ஜரிகையுமாக எடுத்துவந்து, அவர் கையில் கொடுக்கப் போனவன் நிறுத்திக்கொண்டு, ஒரு நூல் துண்டில் சுற்றிக் கொடுத்தான். துண்டோடுதான் பத்மராஜ் வாங்கிக்கொண்டார். விரதம் விரதம்தான். ஆனால் எந்தப் புடவையால் அவள் வாசற்படி ஏறாமல் போனாளோ, அதே நிறத்தில் ஒன்றை அப்பனே கொண்டுவந்து கொடுத்தால் அவளுக்குப் புரியும் என்று நினைத்தார். அதுவும் சரிதான். புரிந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை தயாவதி காலை நீட்டி உட்கார்ந்தபடியே சமைத்தாள். புளிச்சோறு, தயிர்ச்சோறு, அவரைக்காய்ப் பொரியல், பாசிப்பருப்புப் பாயசம். வெள்ளைத் துணியில் வடிகட்டின தண்ணீர் ஒரு செம்பில். புடவைப் பொட்டலத்தைப் பையில் வைத்து, தூக்குவாளியைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு பத்மராஜ் புறப்பட்டார். போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார். அவள் பிறந்த அன்று பெய்த மழையிலிருந்து ஆரம்பிப்பதாக இருந்தார்.

மூன்றரை மணிக்கெல்லாம் மேட்டுக்கு வந்துவிட்டார். சுண்டல்காரன் வந்திருந்தான். பம்புசெட்டுப் பக்கம் கயிறுகளில் சிவப்பும் பச்சையுமாகப் பட்டு நூல் காய்ந்தது. கலியன் கிணற்றுத் தண்ணீரில் சாயம் நன்றாகப் பிடிக்கிறது என்று காஞ்சிபுரத்துச் சாயக்காரர்கள் அங்கே வந்துதான் நூல் அலசுவார்கள். தண்டவாளத்தை ஒட்டியே காயப்போடுவார்கள்.

"வா நயினாரே, குந்து," என்றான் கலியன். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கும் சந்தோஷம். "பொண்ணு வரட்டும், வண்டியில வைக்கோலு போட்டு மெத்துன்னு கூட்டிக்கினு போலாம். நாலரைக்கு வந்து நிக்கும் பாரு, சொல்லி வெச்சாப்பல."

"நிக்குமில்ல?" என்றார் பத்மராஜ்.

"நிக்காம? பதினோரு நாளா ஒரு நாளு தப்பல. இந்த நூலுதான் ஒரு தடவ வண்டிய நிறுத்திடுச்சு, தெரியுமா? பழைய எஞ்சினு காலத்துல. டிரைவர் வேணுகோபால் செவப்பு நூலைப் பாத்துட்டு, யாரோ அபாயம்னு காட்டறாங்கன்னு நெனச்சி பிரேக்கு போட்டுட்டாரு. மேல எடத்துல செம ஏச்சு. 'பட்டு நூலுக்கும் கொடிக்கும் வித்தியாசம் தெரியாதா'ன்னுட்டாங்களாம். அதுலேர்ந்து இந்த மேட்டுல செவப்ப எவனும் கண்டுக்கறதில்ல."

கலியன் சிரித்தான். பத்மராஜும் சிரித்தார். இரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்ததில்லை. கொண்டுவந்த வாழையிலையைக் கழுவி, வரப்பில் நிழல் பார்த்துத் தரையைப் பெருக்கி, அவள் உட்கார ஒரு சாக்கை விரித்தார்.

நாலு இருபது இருக்கும். கலியன் நெற்றியில் கையை வைத்துக் கிழக்கே பார்த்தான்.

"நயினாரே," என்றான். குரல் மாறியிருந்தது. "பொகை தெரியுது."

பத்மராஜ் எழுந்து பார்த்தார். வாலாஜாபாத் பக்கம், பனைமரங்களுக்கு மேலே, கறுப்பாகப் புகை. டீசலுக்கு ஏது அப்படிப் புகை? கரி எஞ்சின். புது எஞ்சின் அன்றைக்கு மேடுவரைக்கும்கூட வரவில்லை. செங்கல்பட்டிலேயே படுத்துவிட்டது. பழையதைக் கோத்து அனுப்பிவிட்டார்கள். பழையது எந்த மேட்டில் நின்றிருக்கிறது?

"நிக்காதுபா அது!" என்று கத்தினான் கலியன். "அது நேரத்துக்குப் போயிடும். ஸ்டேஷனுக்குப் போ!"

ஸ்டேஷனுக்கு எட்டு மைல். சைக்கிளில் ஏறினார், இறங்கினார். புகை பெரிதாகிக்கொண்டே வந்தது. தண்டவாளம் அதிர ஆரம்பித்துவிட்டது. பத்மராஜ் தோள் துண்டை எடுத்து ஆட்டினார். வெள்ளைத் துண்டை யார் மதிப்பார்கள்?

அப்போதுதான் பை ஞாபகம் வந்தது. பொட்டலத்தைப் பிரித்தார். வாழ்நாளில் முதல் தடவையாகப் பட்டைக் கையால் தொட்டார். தொட்டதுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. அரக்குப் புடவையை உதறி, இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, தண்டவாளத்தை ஒட்டி நின்றுகொண்டு ஆட்டினார். "நிறுத்துப்பா! நிறுத்து! எம் பொண்ணு இருக்குது!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினார். சுண்டல்காரன் கத்தினான். கலியன் கத்தினான்.

எஞ்சினில் இருந்தது சாட்சாத் வேணுகோபாலேதான். ஆறு மாதம் கழித்து அன்றைக்குத்தான் தன் பழைய எஞ்சின் கைக்குக் கிடைத்த குஷி அவருக்கு. கயிறுகளில் காயும் சிவப்பு நூலைப் பார்த்தார், பக்கத்தில் சிவப்புப் புடவையை உதறிக்கொண்டிருக்கிற ஆளைப் பார்த்தார். ஒரு தடவை ஏமாந்தது போதாதா? பல்லெல்லாம் தெரியச் சிரித்து, கையை ஆட்டி, நீளமாக ஒரு விசில் கொடுத்தார். வண்டி மேட்டில் ஏறிக் கடகடவென்று போயே போய்விட்டது.

பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்தன. முகங்கள் தெரிந்தன. எது அவள் முகம் என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் சைக்கிளை மிதித்து ஸ்டேஷனுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பிளாட்பாரம் காலி. "இன்னிக்குக் கரெக்டா அஞ்சு மணிக்கு வந்துச்சு நயினாரே, அதிசயம்," என்றார் போர்ட்டர். அரக்கோணத்துக்கு அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேரும்போது பம்பாய் வண்டி ரேணிகுண்டாவைத் தாண்டியிருக்கும். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார் பத்மராஜ். பாயசம் சிந்திச் சைக்கிளெல்லாம் எறும்பு மொய்த்தது. எறும்பை மிதித்துவிடக் கூடாதே என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

அவர் முகத்தைப் பார்த்ததும் தயாவதி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பம்பாயில் இடம் பிடித்ததும் அவர்கள் அட்ரஸ் எழுதுவார்கள், அன்றைக்கே பதில் போட்டுவிடலாம் என்று காத்திருந்தார்கள். பத்மராஜ் பதிலை முன்கூட்டியே எழுதி வைத்தார். பதினாறு பக்கம் வந்தது. தை போயிற்று, மாசி போயிற்று. அட்ரஸ் வரவில்லை. மாசிக் கடைசியில் தந்திதான் வந்தது. பிரசவத்தில் தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது.

இவர்கள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும் என்று அதே தந்தியில் இருந்தது. அந்த வீட்டில் அதற்கப்புறம் நடந்ததை நான் சொல்லப்போவதில்லை. எனக்கு மனசு இல்லை.

பங்குனியில் பாலசந்திரன் வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். அவளுடைய தகரப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். "அடியில ஒரு கடுதாசி இருந்துச்சு, அத்தை. உங்களுக்குத்தான் எழுதியிருக்குது. ஏன் போஸ்ட் பண்ணலன்னு தெரியல. நான் படிக்கல," என்று சொல்லிவிட்டுக் கை கால் கழுவக் கிணற்றடிக்குப் போனான்.

தயாவதிக்குக் கண் மங்கி எழுத்து தெரியவில்லை. பத்மராஜ் வாங்கிப் படித்தார்.

"அம்மாவுக்கு சாந்திமதி எழுதுவது. நாங்கள் நல்லபடியாக வந்து சேர்ந்தோம். அம்மா, அப்பா ஸ்டேஷனுக்கு வரவில்லை. நான் என் பெட்டியைத் தனியாகக் கட்டி, கதவுப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நின்றேன். அப்பா வா என்று ஒரு வார்த்தை சொன்னால் இறங்கிவிடுவது, பிரசவம் முடிந்து வருவது என்று இவரிடம் சொல்லிச் சம்மதமும் வாங்கியிருந்தேன். மூன்று நிமிஷமும் பார்த்தேன். வண்டி நகர்ந்த பிறகும் பார்த்தேன்.

"வருகிற வழியில் ஒரு வேடிக்கை. ஒரு மேட்டில் யாரோ ஒருத்தர் அரக்குப் பட்டுப்புடவையைத் தலைக்கு மேலே பிடித்து ஆட்டிக்கொண்டு நின்றார். சாயக்காரன் புடவை உலர்த்துகிறான், காஞ்சிபுரம் வந்துவிட்டது என்று வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள். அந்த ஆள் நம் அப்பா மாதிரியே உயரம், அப்பா மாதிரியே வழுக்கை. ஒரு நிமிஷம் எனக்கு அப்பா என்றே தோன்றி, கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம் கையில் பட்டைப் பார்த்ததும், சீ, நம் அப்பாவாவது பட்டைத் தொடுவதாவது என்று நானும் சிரித்துவிட்டேன்."

அதற்கு மேலும் இரண்டு வரி இருந்தது. பத்மராஜால் படிக்க முடியவில்லை. கடிதத்தைத் தயாவதியின் மடியில் வைத்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். இத்தனை வருஷமும் எதற்கும் ஒரு முன்கதை வைத்திருந்த மனிதருக்கு இப்போது ஒன்றுமே வரவில்லை.

பொழுது சாய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. "மாப்பிள்ளைக்கு எலை போடணும்," என்று தயாவதி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அவர் நகரவில்லை. தூரத்தில் டீசல் எஞ்சின் எருமைபோலக் கத்திக்கொண்டு போயிற்று. இப்போதெல்லாம் அது எங்கேயும் நிற்பதில்லை. பழுதைக் கண்டுபிடித்துச் சரி பண்ணிவிட்டார்களாம்.

பத்மராஜ் எழுந்து வாசற்படிக்குப் போனார். நிலையைப் பிடித்துக்கொண்டு, ஆளில்லாத தெருவைப் பார்த்து,

"வாம்மா," என்றார்.

உள்ளே இலையைக் கழுவிக்கொண்டிருந்த தயாவதிக்கு அது கேட்டது.